மடக்குக் கத்தியின் மதிப்பு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் குறளும் கம்பனும் சிலம்பும் பேசப்படுவதே நம் சங்கத்து மரபு. அம்மரபை மீறுவது எம் நோக்கமன்று. உரைக்குப் பொருள் யாதென்று செயலாளர் தொலைபேசியில் வினவியபொழுது, "சட்டைப்பையில் வைக்கும் மடக்குக் கத்தி" என்றோம். மறுமுனையில் சிறிது நேரம் ஓசையில்லை. பின்னர், "அழைப்பிதழில் 'இரும்பும் தமிழரும்' என்று போட்டுக்கொள்ளட்டுமா, ஐயா?" என்று கேட்டார். வேண்டா, கத்தியென்றே போடுங்கள் என்றோம். அவருடைய தயக்கத்தில் வியப்பேதுமில்லை. கத்தி என்ற சொல்லைக் கேட்டவுடன் செய்தித்தாளின் குற்றப் பக்கம் நினைவுக்கு வருமளவுக்கு அக்கருவி நம் இல்லங்களிலிருந்து விலகிப் போயிற்று. அடுக்களையில் ஒன்றிரண்டு உண்டு, அவையும் மழுங்கியவை. தந்தையின் சட்டைப்பையில் இருந்த கத்தியோ இன்று எவர் பையிலும் இல்லை.

பழைய வழக்கத்தில் அதற்குப் பேனாக்கத்தி என்று பெயர். இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்கென்று ஐரோப்பியர் வைத்திருந்த சிறு கத்தியின் பெயர் அது. இறகு போயிற்று, பெயர் நின்றது. நம் முன்னோர்க்கும் இத்தகைய கருவி ஒன்று உண்டு. ஓலையில் எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என ஒன்று வழங்கிற்று. ஓலையை நறுக்கக் கத்தியும், எழுத ஆணியும் ஒரே பிடியில் மடங்கி நிற்கும். எழுதுகோலும் கத்தியும் பிரியாத உறவினராய் இருந்த காலம் அது. ஆகவே, தமிழ்ச் சங்க மேடையில் கத்திக்கு இடமில்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது!

நிற்க. இப்பொருளை நாம் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எம் தந்தையார்.

அவர் இவ்வெஃகு நகருக்கு வந்து, ஆலையில் உருளைப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். சுவர்ணரேகை ஆற்றங்கரையில் சங்கராந்தித் திருவிழாவின்போது, தரையில் கோணியை விரித்து அரிவாளும் பாக்குவெட்டியும் விற்றுக்கொண்டிருந்த ஒரு கொல்லரிடம் முக்கால் ரூபாய்க்கு ஒரு மடக்குக் கத்தி வாங்கினார். பிடி ஏதோ காட்டு மரம். அலகு ஒரு விரல் நீளம். ஒரே ஒரு தறையாணி. மெருகு என்பது மருந்துக்கும் கிடையாது. மறுநாள் அதனை ஆலைக்குக் கொண்டு சென்று, சுழலும் சாணைச் சக்கரத்தில் அலகின் அடிப்பகுதியை ஒரு நொடி தொட்டுப் பார்த்தாராம். மாலையில் வீடு திரும்பி அன்னையாரிடம், "பொறி பூப்பூவாய்ச் சிதறுகிறது, முக்கால் ரூபாய்க்கு அந்த ஆள் நம்மை ஏமாற்றவில்லை" என்றார். அப்பொழுது அது எமக்கு விளங்கவில்லை. மென்னிரும்பைச் சக்கரத்தில் பிடித்தால் பொறிகள் நீண்ட கோடுகளாய் ஓடி மறையும். கரி மிகுந்த எஃகைப் பிடித்தால் ஒவ்வொரு பொறியும் நுனியில் கிளைத்து வெடிக்கும். எஃகறிந்தோர் இன்றும் கண்ணால் செய்யும் சோதனை அது.

அந்தக் கத்தி செய்யாத வேலை இல்லை. கரக்பூரில் வண்டி மாறி இரண்டு இரவுகள் பயணம் செய்து ஊருக்குச் செல்கையில் மாம்பழம் நறுக்கும், வாழைநார் அறுக்கும், அன்னையார் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலத்தின் நூலை வெட்டும். எம் பள்ளிப் பென்சில்கள் எல்லாம் அதன் வாயில் சீவப்பட்டவையே. ஆண்டுக்கு ஆண்டு அலகு தேய்ந்து, இறுதியில் வேப்பிலைபோல் ஒடுங்கிப் போயிற்று. தந்தையார் மறைந்த பின்னர் வீட்டை ஒழுங்கு செய்த அவசரத்தில், நசுங்கிய அலுமினியப் பாத்திரங்களோடு அதையும் பழைய இரும்புக்காரரின் தராசில் போட்டோம். எடைக்கு என்ன விலை கிடைத்தது என்பதுகூட நினைவில்லை.

அதன் பின் நாம் வாங்கிய கத்திகளை எண்ணினால் நாணம் வருகிறது. நடைபாதைக் கடையில் கண்ணைப் பறிக்கும் பளபளப்போடு ஒன்று. இரண்டு ஆப்பிள் நறுக்குவதற்குள் அதன் வாய் மடிந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொணர்ந்த விலையுயர்ந்தது ஒன்று. அதில் கத்தரியும் திருகாணிக்கோலும் ரம்பமும் மீன் செதில் நீக்கியும் உண்டு. மரக்கறி உண்ணும் நம் வீட்டில் மீன் செதில் நீக்கிக்கு என்ன வேலை? பதினான்கு உறுப்புகளில் நாம் பயன்படுத்தியது ஓர் அலகையே. அப்பொழுதுதான் முக்கால் ரூபாய்க் கொல்லர் நினைவுக்கு வந்தார். கத்தியின் விலை எங்கே போகிறது என்னும் கேள்வியும் அன்றுதான் பிறந்தது.

மலிவு என்பது இருவகை. வேண்டாதவற்றை விட்டுவிடுவதால் வரும் மலிவு ஒன்று; வேண்டியதையே திருடுவதால் வரும் மலிவு மற்றொன்று. முன்னதில் பிடி எளியது, உறுப்பு குறைவு, மெருகு இல்லை. ஆனால் அலகும் அதன் தோய்ச்சலும் நேர்மையானவை. பின்னதில் எல்லாம் மின்னும். அலகு மட்டும் பொய். கடைக்காரரின் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டும் ஒரே விலையில் அருகருகே படுத்திருக்கும் என்பதே நம் இடர்ப்பாடு.

முதல்வகை மலிவுக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு பிரான்சு நாட்டின் ஒப்பினெல் கத்தி. ஆல்ப்ஸ் மலைசார்ந்த சவாய் நாட்டுப்புறத்தில், வெட்டுக்கருவிகள் செய்த கொல்லர் குடும்பத்தில் பிறந்த ஜோசப் ஒப்பினெல், 1890ஆம் ஆண்டில், தம் பதினெட்டாம் வயதில், இதனை முதன்முதல் செய்தார். மலைநாட்டு உழவர் சட்டைப்பைக்கென்று செய்யப்பட்ட கத்தி. ஓர் அலகு, பிளவுபட்ட ஒரு மரப்பிடி, ஒரு தறையாணி, பிடியின் கழுத்தில் ஓர் இரும்புப் பூண், இவ்வளவே. 1897இல் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிட்டுப் பன்னிரண்டு அளவுகளில் வெளியிட்டார். பெரிதும் விற்பது எட்டாம் எண்; அலகு எட்டரை சென்டிமீட்டர். மரப்பிடிகளை விரைந்து கடைந்து தள்ளும் பொறியொன்றையும் அவரே அமைத்துக்கொண்டார். சிக்கனம் பிடியில், அலகிலன்று என்பதைக் கவனிக்க வேண்டும். 1909இல் முடிசூடிய கையொன்றைத் தம் முத்திரையாகப் பதிவு செய்தார். 1955இல் அவர் மகன் மார்செல், பூணின்மேல் சுழலும் வளையம் ஒன்றைச் சேர்த்தார். அதைத் திருகினால் திறந்த அலகு விரலின்மேல் மடங்காது. ஐந்து உறுப்புகள் ஆயின. அதன் பின் கூட்டுவதற்கு ஏதுமில்லாமல் அக்கத்தி இன்றளவும் பெரும்பாலும் அவ்வாறே செய்யப்பட்டு வருகிறது.

குறையில்லையோ எனின், உண்டு. பீச் மரப்பிடி நீர் பட்டால் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும். மழைக்காலத்தில் நகத்தால் இழுத்தால் நகம்தான் போகும். அதற்குச் சவாய் மக்கள் கண்ட உபாயம், பிடியின் பின்முனையை மேசையில் ஒரு தட்டுத் தட்டுவது. அலகின் மூக்கு வெளியே எட்டிப்பார்க்கும். நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளாக அக்குறையைப் பொறுத்துக்கொண்டே வாங்குகின்றனர். மனிதரை நாம் அவ்வாறு பொறுத்துக்கொள்வதில்லையா?

இக்கத்தியின் அலகுக்கு இரண்டு வகை எஃகு உண்டு. ஒன்று, நூற்றுக்கு ஏறக்குறைய 0.9 பங்கு கரி சேர்ந்த பழைய எஃகு. நம் காலனியில் எஃகின் கணக்கு அறியாதார் இல்லையாதலால் ஒப்பிட்டுச் சொல்கிறோம்: வீட்டு உத்திரத்திற்கு ஆகும் மென்னெஃகில் கரி 0.2 அளவு; தண்டவாளத்தில் 0.6 முதல் 0.8 வரை. செங்கனலில் காய்ச்சி எண்ணெயிலோ நீரிலோ தோய்த்தால் அது கண்ணாடிபோல் கடினமாகும். கண்ணாடிபோல் உடையவும் செய்யும். ஆகவே மீண்டும் 200 பாகைக்குச் சற்று மேலே இளஞ்சூடு காட்டி முறுக்கைத் தணிப்பர். அலகின்மேல் வைக்கோல் நிறம் படரும் கணமே பதம் என்பது கொல்லர் கண்ட அளவுகோல். சில நொடிகள் தவறினால் நீலம் பாய்ந்துவிடும். கத்திவாய்க்கு அது மிக மென்மை. கத்தியின் உண்மையான விலை இந்தச் சில நொடிகளில் இருக்கிறது. அதற்குப் பொன்னும் வேண்டா, யானைத் தந்தமும் வேண்டா, கவனமே வேண்டும்.

மற்றொரு வகை துருவேறா எஃகு. 1913இல் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி என்பார் குரோமியம் கலந்து வடித்த எஃகு அவ்வகைக்கு முன்னோடிகளில் ஒன்று. கரி எஃகுக் கத்தியில் எலுமிச்சை நறுக்கினால் அலகு கறுக்கும். மாங்காய் நறுக்கினால் இரும்புச் சுவை ஏறும். துருவேறா எஃகில் இத்தொல்லை இல்லை. எனினும் கரி எஃகு சாணைக்கல்லில் எளிதில் கூராகும். அலகில் படியும் நீலச் சாம்பல் படலமே பின்னர் துருவைத் தடுக்கும் போர்வையாகும். சோம்பலுள்ளவர்க்குத் துருவேறாதது நன்று. துடைத்து வைக்கும் பழக்கமுடையார்க்குக் கரி எஃகு நன்று. எம் தீர்ப்பு பின்னதன் பக்கமே.

நம் நாட்டு எஃகின் பெருமை அயலாரிடம் விளங்கியதும் ஒரு சிறு கத்தியாலேதான் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை. பம்பாயிலிருந்து டாக்டர் ஹெலீனஸ் ஸ்காட் அனுப்பிய 'ஊட்ஸ்' என்னும் இந்திய எஃகை ஆராய்ந்து, ஜார்ஜ் பியர்சன் 1795இல் இலண்டன் ராயல் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். அதன் தன்மையறிய ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்னும் இலண்டன் கத்திக் கொல்லர் அதைக்கொண்டு அடித்தது வாளன்று, ஒரு பேனாக்கத்தி. அடிப்பதற்கு மிகக் கடினமாயிருந்தது. ஆயினும் அதன் கூர்மையைக் கண்டபின் அந்த எஃகின் அடியவராகிவிட்டார். பின்னாளில் மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்தவரும் அவரே. 'ஊட்ஸ்' என்பது 'உக்கு' என்ற தென்மொழிச் சொல்லின் திரிபென அறிஞர் பலர் கருதுவர். நாம் உருக்கு என்கிறோம்.

இனிச் சப்பான் நாட்டிற்குச் செல்வோம். அங்கும் ஓர் ஏழைக் கத்தி உண்டு. ஹ்யோகோ மாநிலத்து மிகி என்னும் ஊரில் 1890களில் தோன்றியது. ஹிகோனொகாமி என்று பெயர். ஹிகோ நாட்டுப் பிரபு என்பது பொருள். முக்கால் ரூபாய்ப் பொருளுக்குப் பிரபுவின் பட்டம்! மடித்த தகடே பிடி, ஒரு தறையாணி, வில்லுமில்லை, பூட்டுமில்லை. அலகின் வாலில் நீண்டிருக்கும் சிறு நாக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பதே பூட்டு. பள்ளிச் சிறுவர் பென்சில் சீவவும் மூங்கில் விளையாட்டுப் பொருள்கள் செதுக்கவும் அதையே பயன்படுத்தினர்.

1960ஆம் ஆண்டு அக்டோபரில் தோக்கியோவில், மேடையில் பேசிக்கொண்டிருந்த சோசலிசக் கட்சித் தலைவர் அசனுமாவைப் பதினேழு வயது இளைஞன் ஒருவன் குத்திக் கொன்றான். அவன் கையிலிருந்தது பழைய குறுவாள், பென்சில் கத்தியன்று. ஆயினும் பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்னும் இயக்கம் நாடெங்கும் வலுத்தது. பென்சில் சீவும் பொறிகள் வகுப்பறைக்கு வந்தன. மிகி ஊரின் பட்டறைகள் ஒன்றன்பின் ஒன்றாய் மூடின. இறுதியில் அப்பெயரை வழங்கும் உரிமையுடைய பட்டறை ஒன்றே எஞ்சிற்று. இதற்கு எதிராக, நாகானோ மாநிலத்து இகேதா என்னும் சிற்றூரின் தொடக்கப்பள்ளி ஒன்றில் 1980களில் வேறொரு வழக்கம் தொடங்கினர். பிள்ளைகள் ஒவ்வொருவர்க்கும் அதே கத்தியைக் கொடுத்து, பென்சிலைத் தம் கையாலேயே சீவப் பழக்கினர். சிறு காயங்கள் பட்டிருக்கும், ஐயமில்லை. எம் இடக்கைச் சுட்டுவிரலிலும் பிறை வடிவில் ஒரு தழும்பு உண்டு. அதன் பிறகு அலகை நம் பக்கம் இழுத்துச் சீவியதே இல்லை.

நம் நாட்டின் கதை இதனினும் வருத்தம் தருவது. உத்தரப் பிரதேசத்து ராம்பூர், 1949 வரை நவாபுகள் ஆண்ட ஊர். அங்குச் செய்த மடக்குக் கத்தி நாடெங்கும் பெயர் பெற்றது. பின்னர் இந்தித் திரைப்படங்களில் போக்கிரியின் கையில் அது கடகடவென்று திறந்தது; அதனோடு அதன் மானமும் போயிற்று. படைக்கலச் சட்டத்தை ஒட்டிய விதிகள், 9 அங்குலத்திற்கு மேல் நீளமோ 2 அங்குலத்திற்கு மேல் அகலமோ உடைய கத்திகளையே, அவையும் வீட்டு வேலை, உழவு, தொழில் முதலியவற்றிற்கென அமையாதவையானால், ஆயுதமெனக் கொள்கின்றன. விரல்நீளப் பழக்கத்தி அதில் அடங்காது. ஆயினும் மக்கள் மனம் விதிகளைப் படிப்பதில்லை. தொழில் நலிந்து, கைவினைஞர் வேறு பிழைப்பு நாடினர். 2023இல் அந்நகர நாற்சந்தி ஒன்றில் 20 அடி நீளக் கத்திச் சிலை நிறுவினர். சிலை வைப்பதில் நம்மவர்க்கு ஈடு யார்! செய்பவர் கைக்கு வேலை தருவதில்தான் பின்தங்கி நிற்கிறோம்.

வாங்க விரும்புவோர்க்குச் சில சொற்கள். சாணைச் சக்கரத்தில் தொட்டுப் பார்க்க எந்தக் கடைக்காரரும் விடமாட்டார். ஆகவே அலகைத் திறந்து பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வைத்துவிடுங்கள். மடக்கினால் அலகு பிடியின் நடுவே விழவேண்டும். ஒரு பக்கம் உரசக்கூடாது. வாயை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கூரான வாய் கண்ணுக்குத் தெரியாது; வெள்ளிக்கோடுபோல் மின்னினால் அவ்விடம் மழுங்கியது. மழுங்கியிருப்பது குற்றமன்று. தீட்டிக்கொள்ளலாம். தீட்டிய கூர் நாலு நாள் நிற்கிறதா என்பதே தேர்வு.

தீட்டுதல்! இங்குதான் நம் குடும்பங்கள் வித்தையை முற்றும் இழந்துவிட்டன. மிதிவண்டியில் சாணைச் சக்கரம் பூட்டிக்கொண்டு காலனித் தெருக்களில் குரல் கொடுத்துவந்தவர் இப்போது எப்போதாவதுதான் தென்படுகிறார். ஒரு சாணைக்கல்லை நீரில் நனைத்து, அலகைப் படுக்கவைத்து, முதுகைச் சற்றே உயர்த்துங்கள். அலகின் அகலம் 20 மில்லிமீட்டரானால் முதுகின் உயரம் 5 மில்லிமீட்டர், அஃதாவது ஒரு பென்சிலின் பருமனுக்குச் சற்றுக் குறைவு. கோணம் ஏறக்குறைய 15 பாகை வரும். கல்லிலிருந்து மெல்லிய ஏட்டைச் சீவி எடுப்பதுபோல் தள்ளுங்கள். மறுபக்கத்தில் விரல் நுனியில் பிசிர் தட்டுப்படும் வரை ஒரு பக்கம்; பின்னர் அடுத்த பக்கம். பிசிர் நீங்கப் பழைய தோல் இடைவாரில் பின்னோக்கி இழுத்தால் போதும். வேலை முடிந்ததும் துடைத்து, தறையாணியில் ஒரு சொட்டு எண்ணெய். ஊர்ப்பழக்கத்தில் தேங்காயெண்ணெய் இடுவோர், இவ்வூர்த் தை மாதக் குளிரில் அது உறைந்து அலகை இறுக்கிவிடும் என்பதை நினைவிற் கொள்க. நாம் பட்டறிந்தது.

மலிவுக் கத்தியின் உட்பொருளும் இங்கே விளங்குகிறது. அதைச் செய்தவர் பாதி வேலையைத்தான் செய்து தருகிறார். மீதியை நாம் செய்வோம் என்னும் நம்பிக்கையில்தான் அவ்வளவு குறைந்த விலைக்குத் தரமுடிகிறது. முக்கால் ரூபாய்க் கத்தி வேப்பிலையாய் ஒடுங்கும் வரை உழைத்ததற்குச் சங்கராந்திக் கொல்லர் ஒரு காரணம். ஞாயிறுதோறும் கொல்லைப்படியில் கல்லும் நீருமாய் அமர்ந்த தந்தையார் மற்றொரு காரணம். தராசில் போட்டபோது நாம் பழைய இரும்பை மட்டுமே கண்டோம்.

சென்ற திங்கள் ஒரு புதிய மடக்குக் கத்தி வாங்கினோம். எட்டாம் எண், கரி எஃகு. எம் பேத்திக்கு வயது பத்து. பென்சிலைக் கையில் கொடுத்து, அலகை வெளிப்பக்கமாய்த் தள்ளச் சொன்னோம். முதல் பென்சில் பாதியாயிற்று. இரண்டாவதன் முனை கோணலாயினும் எழுதியது. அவள் அன்னைக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. அந்த வழக்கு எம் வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது, தீர்ப்பு ஆகவில்லை.

அரங்கின் பின்பக்க மேசையில் இரண்டு சாணைக்கற்களும் ஒரு கிண்ணம் நீரும் வைத்திருக்கிறோம். சிற்றுண்டிக்குப் பின் ஒருமணி நேரம் அங்கே இருப்போம். வீட்டுக் கத்திகளைக் கொணர்ந்தவர்கள் வரலாம். பிள்ளைகள் பெற்றோருடன் வரலாம். செயலாளர் தம் இல்லத்துக் கத்தியொன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கைப்பையில் மறைத்துக் கொண்டுவந்திருப்பதை வாயிலிலேயே கண்டோம். முதல் முறை அவருக்கே.